மாத்தாள் வேர்வை

மேல்தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு வரும் தங்கமாயன், ஒரு மார்கழிக் காலையில், உடம்பில் பொட்டு வேர்வை இல்லாமல், மூச்சும் வாங்காமல், பக்கத்துக் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்தவனைப் போலச் சைக்கிளைச் சுவரில் சாத்தியபோது, துண்டோடு வாசலுக்கு வந்த அவன் பெண்டாட்டி போதுமணி துண்டை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெருங்கானல் ஊருக்குத் தண்ணீர் அந்த மேல்தொட்டியிலிருந்துதான் வருகிறது. தொட்டியோ ஊருக்கு மேலே, காப்பித் தோட்டங்களைத் தாண்டி, மூன்று வளைவும் அதற்கப்புறம் ஒரு செங்குத்து ஏற்றமும் முடிகிற பாறையில் இருக்கிறது. விடிந்ததும் ஒரு ஆள் அங்கே ஏறிப்போய்த் திருகினால்தான் கீழே குழாயில் சொட்டும். கல்யாணமான காலத்திலிருந்து ஏறுகிறவன் தங்கமாயன், முதலில் நடந்தும் பிறகு கியர் சைக்கிளிலும். பனி எப்படிக் கொட்டினாலும் அவன் திரும்பி வரும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். அந்தச் சட்டை அன்றைக்குக் காலையில் அவள் எடுத்துக் கொடுத்தபடியே மொடமொடவென்று இருந்தது.

பாதியிலேயே திரும்பிவிட்டீர்களா என்று அவள் கேட்டு வாய் மூடுவதற்குள் கொல்லைக் குழாயில் தண்ணீர் இரைந்து விழுந்தது. தங்கமாயன் தானும் அப்போதுதான் கவனித்தவன்போல அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பனி அதிகம், அதனால் இருக்கும் என்றான். பனி என்றைக்குத்தான் இல்லை?

போதுமணி எதையும் மோந்து பார்க்காமல் நம்பாதவள். கோயிலில் கொடுத்த திருநீற்றைக்கூட மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் நெற்றிக்குக் கொண்டுபோவாள். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மாப்பிள்ளை வீட்டார் பேச்சில் பொய் எல்லாவற்றையும் அவள் மூக்கு தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடும் என்று ஊரில் பேச்சு. அவளால் சில கெட்ட கல்யாணங்கள் நின்றுபோயின. சில நல்ல கல்யாணங்களும் நின்றுபோயின. மாவு மில் வைத்திருக்கும் பவளக்கொடியோடு அவளுக்குப் பல வருசமாகப் பேச்சு இல்லை. அரைத்துக் கொடுத்த கேழ்வரகு மாவில் ஒரு கை குறைகிறது என்று மில் வாசலில் நின்று சத்தம் போட்டாள். குறைந்ததா இல்லையா என்பது அந்த மாவுக்குத்தான் தெரியும். அதோடு நிறுத்தாமல், கேரளாவுக்குப் போன புருசன் திரும்பி வராத ஒருத்தி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கியர் சைக்கிளில் வீடு வீடாக மாவு கொண்டுபோவது எந்த ஊர் வழக்கம் என்றும் கேட்டுவைத்தாள். கேட்ட போதுமணியே வத்தலக்குண்டில் பிறந்த வீட்டில் இருந்தவரை அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை முழுக்கச் சுற்றியவள்தான். தான் விட்டுவிட்ட ஒன்றை இன்னொருத்தி செய்வதைப் பார்த்தால் சிலருக்குப் பொறுக்காது.

அந்தக் கியர் சைக்கிள்கள் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். காட்டுக்குள் சவாரி போக வரும் வெளியூர்க்காரர்களுக்காக ஒருவர் மேலே விடுதி கட்டி, மலையேறுகிற சைக்கிளாகப் பார்த்து வாங்கி நிறுத்தினார். சவாரிக்கு யாரும் வராததால் விடுதியை மூடிவிட்டுக் கிளம்பும்போது, தண்ணீர் விட்ட தங்கமாயனுக்கு ஒன்றும் மாவு அரைத்துக் கொடுத்த பவளக்கொடிக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, கைப்பிடியில் ஏழு தட்டுத் தட்டுகிற ஒரு விசை. பவளக்கொடி அதில் வருசக்கணக்கில் மாவு சுமந்து, பிறகு மொபெட் வாங்கியதும் அதை மில் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டாள். தங்கமாயன் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

கார்த்திகைக் கடைசியில் அவன் சைக்கிளின் செயின் செங்குத்து ஏற்றத்தில் அறுந்தது. செயினை மட்டும் மாற்றினால் போதாது, பின்சக்கரத்துப் பற்கள் நாய்ப்பல் மாதிரி கூராகத் தேய்ந்துவிட்டன, புதுச் செயின் அதில் உட்காராமல் வழுக்கும், சேர்ந்து தேய்ந்தவற்றைச் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று புலம்பிக்கொண்டு, மார்கழி பிறந்தும் சில நாள் நடந்தே மலையேறினான். ஒருநாள் மத்தியானம் வெளியே போனவன் ஒரு சாக்குப் பையோடு வந்தான். அதிலிருந்த செயினும், பின்சக்கரத்து ஏழு பல்லடுக்கும், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற கையும், பூட்டியவுடன் சைக்கிளோடு கூடப் பிறந்தவை மாதிரி உட்கார்ந்துகொண்டன. எங்கே வாங்கினீர்கள் என்று போதுமணி கேட்டதற்குத் திண்டுக்கல்லில் என்றான். திண்டுக்கல்லுக்குப் போய்வர ஒரு பொழுது ஆகும். அவன் போய்வந்தது ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். போதுமணி அதை அப்போதே மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் அவன் வேர்க்காமல் இறங்கி வந்தான்.

அதே காலையில், மில்லில் அரிசி அரைத்துக்கொண்டிருந்த பவளக்கொடிக்கு, நின்ற இடத்திலேயே மூச்சு இரைத்து, தொடை நடுங்கி, நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் ஆறாக வேர்த்தது. பனிக்குல்லாவும் போர்வையுமாக நின்ற ஜனம் அவளைச் சுற்றி நின்று விசிறியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். டீக்கடையில் உட்கார்ந்து மலைப்பாதையையும் மில்லையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடியவர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள்: தங்கமாயன் முதல் வளைவில் மிதிக்கும்போது இவளுக்கு மூச்சு வாங்குகிறது, அவன் இரண்டாவது வளைவில் இறங்கிப் பீடி பற்றவைத்தால் இவள் நிமிர்ந்து தண்ணீர் குடிக்கிறாள், அவன் செங்குத்தில் ஏறும்போது இவள் மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். இது எப்படி நடக்கும் என்று பெருங்கானலில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கேட்டார்கள்.

ஏனென்றால் அந்த ஊரில் காப்பிப் பழம் பறிக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் கிடையாது. இன்றைக்கு எல்லோரும் உன் தோட்டத்தில், நாளைக்கு எல்லோரும் என் தோட்டத்தில்; அதற்குப் பெயர் மாத்தாள். ஒரு வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்காக முதுகு வளைத்தால் அந்த வீட்டு ஆள் திரும்ப வந்து வளைக்க வேண்டும், செத்துப்போனால் மகன் வந்து வளைக்க வேண்டும். இந்த முறை பிசகாமல் பார்த்துக்கொள்கிறவர் ஒச்சப்பன். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அவர் ஒரு காலையில் மில்லுக்கு வந்து, பவளக்கொடி வேர்த்து முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“ஏறுனது அவென், வேர்த்தது இவ. அப்ப இது மாத்தாள்தான். அவென் வீட்லருந்து ஒரு ஆளு இவ தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகணும்.”

தங்கமாயன் வீட்டில் தங்கமாயனை விட்டால் ஒரு ஆள்தான் உண்டு.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஊர் பிடித்த பிடி வேறு. யாராவது கொட்டாவி விட்டால், இது யாருக்காக என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டார்கள். நாள் முழுக்கப் பறித்தும் முகம் வாடாத ஒருத்தி இருந்தால், இவள் அசதியை எந்த வீட்டில் இறக்கிவைத்திருக்கிறாள் என்று மூன்று தெருவில் தேடினார்கள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். பாயில் படுத்தபடியே, யாரோ எங்கேயோ என் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று முனகினார்கள். மாமியார்கள் மருமகள்களின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஊரில் இருந்த எல்லாச் சைக்கிள்களும் பூட்டுப் போடப்பட்டு வீட்டுக்குள் போயின. தண்ணீர் மட்டும் முன்னைக்காட்டிலும் சீக்கிரமாக வந்தது. தங்கமாயன் இப்போதெல்லாம் செங்குத்தையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறிவிடுகிறான். அதனால் சைக்கிளை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவர்கள் போதுமணியைப் பார்த்த பார்வையில், ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, அவன் வேர்வை ஏன் அந்த வீட்டுக்குப் போகிறது என்ற கேள்வி இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தக் கேள்வி போதுமணியின் வயிற்றில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் பவளக்கொடியின் தோட்டத்துக்குப் போனாள். மில்லுக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது அந்தத் தோட்டம். யாரோடும் பேசாமல், பழத்தைக் கொத்தோடு உருவாமல், ஒன்றொன்றாகக் கிள்ளிப் போட்டாள். மாத்தாள் வேலையில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் பவளக்கொடி மில்லை நிறுத்திவிட்டு, அன்றைய வேர்வையோடு, தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி சரிவில் இறங்கி வந்து பக்கத்து வரிசையில் நின்றாள். காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அடித்தது. போதுமணியின் கை செடியிலேயே நின்றுவிட்டது. புகையிலையும் வால்வுத் துருவும் கலந்த அந்த வாடையை அவள் இத்தனை வருசம் சட்டையில் துவைத்திருக்கிறாள், தலையணையில் மோந்திருக்கிறாள், கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தேடியிருக்கிறாள். தன் புருசன் வேர்வை இன்னொருத்தி கழுத்திலிருந்து வீசியது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்கூட வரவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது.

கூடை நிறைந்ததும் சாக்கு எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். அங்கே உத்தரத்தில் அந்த இன்னொரு சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது, செயின் இல்லாமல், பின்சக்கரத்தில் பல்லடுக்கு இல்லாமல், செயினைத் தள்ளுகிற கையும் இல்லாமல். திண்டுக்கல் எங்கே இருக்கிறது என்று போதுமணிக்கு அப்போது தெரிந்தது.

பவளக்கொடி பின்னாலேயே வந்து நின்றாள். பல வருசம் கழித்து முதல் பேச்சை அவள்தான் பேசினாள்.

“அவருதான் வந்து கேட்டாரு மதினி. சும்மா தொங்குறதுதானேன்னு கழட்டிக் குடுத்தேன். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னாரு.”

“வேர்க்குறது ஒனக்குக் கஷ்டமா இல்லையா?”

பவளக்கொடி யோசித்தாள். யோசிக்காமல் இருந்திருக்கலாம். “மொத ரெண்டு நாளு பயந்தேன். இப்ப ஒண்ணுமில்ல. ராத்திரி நல்லாத் தூக்கம் வருது” என்றாள்.

போதுமணி அன்று வீட்டுக்குப் போன வழியில் எந்த மரத்தையும் எந்த ஆளையும் பார்க்கவில்லை. தங்கமாயன் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாட்டிக்கொண்டால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தான். நீ சண்டைக்குப் போவாய் என்றுதான் சொல்லவில்லை, உனக்கும் அவளுக்கும் ஆகாது, செயின் இல்லாமல் மலை ஏற முடியவில்லை, அவளிடம் இருந்ததுதான் இதற்குப் பொருந்தும் என்று ஒன்றுக்கு நாலாகக் காரணம் சொன்னான். எல்லாம் நல்ல காரணங்கள்தான். போதுமணி கேட்டது ஒன்றே ஒன்று.

“அவளுக்கு வேர்க்குறது பல்லுனால வருதா, மனசுனால வருதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றான் தங்கமாயன்.

ஒரு புருசன் சொல்லக்கூடிய பதில்களில் அதைவிட மோசமானது கிடையாது. அவன் உண்மையைத்தான் சொன்னான் என்பது அதை இன்னும் மோசமாக்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, துண்டு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. காப்பிப் பருவம் முடிந்து மாசி வந்தது. போதுமணி துவைத்துக்கொண்டே, சோறு வடித்துக்கொண்டே இதையே நினைத்தாள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள்; ஆனால் மனசை யாரிடம் போய் விசாரிப்பது? மனசைக் கழற்றிப் பார்க்க முடியாது, பல்லைக் கழற்றலாம். யாருமே ஓட்டாத, யாருடைய காலும் படாத புதுச் சாமானாகப் பார்த்து வாங்கி அந்தச் சைக்கிளில் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகும் பவளக்கொடிக்கு வேர்த்தால் அது மனசு. வேர்க்காவிட்டால் பல்லு. மனசாக இருந்தால் வத்தலக்குண்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று முடிவு செய்து, நல்ல சேலையை எடுத்து ஒரு பையில் வைத்துவிட்டுத்தான் அவள் திண்டுக்கல் பஸ் ஏறினாள்.

சைக்கிள் கடைக்காரர் மைதீன் பாய், அவள் பல்லடுக்கு வேண்டும் என்றதும், ஏழு அடுக்கா எட்டு அடுக்கா, திருகிப் போடுவதா சொருகிப் போடுவதா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து, மறுநாள் தங்கமாயன் வால்வைத் திறந்துவிட்டு வந்ததும் பின்சக்கரத்தையே கழற்றச் சொல்லி, முன்பற்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் யாருக்காவது இதனால் மூச்சு வாங்குகிறதா என்று வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே போனாள்.

பாய் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பழைய மாடல், திருகு வகை, இதற்குக் கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒன்று இருக்கிறது என்று உள்ளேயிருந்து ஒரு பல்லடுக்கை எடுத்து வந்து வைத்தார். அருமையான சாமான், வெளிநாட்டு இரும்பு.

“இது யாராச்சும் ஓட்டுனதா?”

“கொஞ்சம் ஓட்டிருப்பாங்கம்மா. தேய்மானம் ஒண்ணும் இல்ல.”

போதுமணி கையைச் சுட்டுக்கொண்டவள்போல அதைக் கீழே வைத்தாள். புதிதாக இருக்கும் ஒன்பது அடுக்கு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து அதைக் கேட்டாள். உன் கைப்பிடி விசை ஏழு தட்டுதான் தட்டும், ஒன்பதைப் போட்டால் செயின் எந்தப் பல்லிலும் நிற்காமல் நடுவில் தவிக்கும், இதற்கான செயினும் ஒல்லி, உன் முன்பல்லில் சரியாக உட்காராது, சின்ன விசயம் என்று நினைக்காதே, ஒன்று மாறினால் எல்லாமே மாற வேண்டும் என்றார் பாய். அவள் ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டாள். அவரையும் அவள் நம்பவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு கடைக்குப் போய் அதே கேள்விகளை வேறு மாதிரி கேட்டு, அதே பதில்கள் வந்த பிறகுதான் திரும்பி வந்தாள். அவள் அப்படிப் போனது பாய்க்குத் தெரியும். அவர் பரணிலிருந்து உறை பிரிக்காத ஏழு அடுக்குப் பல் ஒன்றும், அதற்கேற்ற அகலத்தில் செயின் ஒன்றும், செயினைத் தள்ளுகிற புதுக் கை ஒன்றும் இறக்கிவைத்தார். போதுமணி உறையைப் பிரிக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசம் மட்டும்தான் இருந்தது, மனுச வாடை இல்லை.

போன் படத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற பல்லும் பாதி தேய்ந்திருக்கிறது, கையோடு அதையும் மாற்றிவிடுவது நல்லது என்றார் பாய்.

“அது இருக்கட்டும்,” என்றாள் போதுமணி. “அது எங்க வீட்டு ஆளு தேச்சது.”

பழைய சாமான்களைத் துடைத்து, சாக்கில் கட்டி, பவளக்கொடியின் கொட்டகை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். தங்கமாயன் புதியவற்றைப் பூட்டினான். திருகும்போது அவள் பக்கத்திலேயே நின்று, பழையது ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

விடிந்தது. அவன் சைக்கிளை எடுத்ததும் போதுமணி நேராகப் போய் மில் படியில் உட்கார்ந்தாள். ஊரில் பாதிப்பேர் அங்கே அரைக்க ஒன்றும் இல்லாமலே நின்றார்கள். ஒச்சப்பன்கூட ஒரு படி கம்போடு வந்திருந்தார். பவளக்கொடி நடுவில் மாவுத் தொட்டியைப் பிடித்தபடி, நாடி பார்க்கக் கை நீட்டியவள்போல நின்றாள். முதல் வளைவுக்கான நேரம் போனது. இரண்டாவது வளைவுக்கான நேரம் போனது. போதுமணி அவளுடைய மேலுதட்டையே பார்த்தாள். வேர்வை முதலில் அங்கேதான் வரும். செங்குத்துக்கான நேரமும் போனது. பவளக்கொடி தன் புறங்கையால் நெற்றியைத் துடைத்து, அந்தக் கையை எல்லோருக்கும் காட்டினாள். அதில் மாவு மட்டும்தான் இருந்தது.

“பல்லுதான் மதினி” என்றாள். அவள் குரலில் நிம்மதியும் இருந்தது, ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தது போலவும் இருந்தது. போதுமணி பின்னதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல் இறங்கியது அவளுக்கு.

ஆனால் தண்ணீர் வரவில்லை. குடங்கள் வரிசையாகக் காத்துக்கிடந்தன. வெயில் ஏறிய பிறகு குழாய் இருமிக்கொண்டு சொட்டியது; அதற்கும் வெகுநேரம் கழித்து, தங்கமாயன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, சட்டை முழுக்க நனைந்து, முகம் சாம்பல் பூத்து வந்து சேர்ந்தான். மார்கழியிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிய உடம்புக்கு அசதி மறந்துபோயிருந்தது. செங்குத்தில் மூச்சு திணறியதும் இறங்கத் தெரியாமல் மிதித்திருக்கிறான், முழங்கால் பிசகிவிட்டது. கட்டிலில் படுத்தவன் போதுமணியைப் பார்த்து, இப்போது சந்தோசமா என்று கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவன் கேட்கவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும்போது, வீங்கிய அந்த முழங்காலைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. உண்மை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், தெரிந்துகொண்டாள், அதற்கு அவன் கால் போயிற்று. ஊர் இப்போது அவளைக் குற்றவாளியாகப் பார்த்தது: நல்லாப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவள், தண்ணீரை நிறுத்தினவள்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கப் பார்த்து, சுவரைப் பிடித்து, மறுபடி உட்கார்ந்தான். போதுமணி சேலையைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை நிமிர்த்தினாள். வத்தலக்குண்டுக் கண்மாய்க்கரையை விட்ட பிறகு அவள் சைக்கிளில் ஏறுவது அதுதான் முதல் தடவை. தெருமுனைவரை சைக்கிள் அவளை இழுத்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு அவள் அதை ஓட்டினாள். எந்த ஊர் வழக்கம் என்று கேட்க அன்றைக்கு ஒருவரும் இல்லை, கேட்டவள் சைக்கிளில் இருந்தாள்.

முதல் வளைவில் மூச்சு வாங்கும் என்று காத்திருந்தாள், வாங்கவில்லை. புதுச் செயின் புதுப் பல்லில் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. இரண்டாவது வளைவிலும் வாங்கவில்லை. மூன்றாவது வளைவில் அவளுக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. யாருக்குப் போகிறது இது? காலே படாத சாமானாகப் பார்த்துத்தானே வாங்கினோம்? மைதீன் பாய் ஏமாற்றிவிட்டாரா, திண்டுக்கல்லில் முகம் தெரியாத யாரோ ஒருத்தி இந்நேரம் அடுப்படியில் சாய்ந்து நிற்கிறாளா? இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். ஊர் குடத்தோடு நிற்கிறது என்ற நினைப்பில் மிதித்தாள். செங்குத்தில் காற்று அவள் காதோரத்தில் பாடியது. அவளுக்கு வயசு திரும்பியதுபோல் இருந்தது. பாறைமேல் ஏறி வால்வைத் திருகினாள். குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

இறங்கி வரும்போது ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடையில் எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மில் வாசலில் பவளக்கொடி நின்று, சைக்கிளில் வருவது யார் என்று பார்த்து, வாய் பிளந்து, பிறகு கேட்கப்படாத கேள்விக்குப் பதிலாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“எனக்கில்ல மதினி.”

“தெரியுது பவளம்” என்று சொல்லிவிட்டு அவள் மிதித்தாள்.

வீட்டில் தங்கமாயன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டை பிழியப் பிழிய நனைந்து, கட்டிலுக்குக் கீழே தரைகூட ஈரமாக இருந்தது. மாடிப்படி ஏறி வந்தவனைப் போல அவன் நெஞ்சு எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பேச முயன்று, முடியாமல் ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினான்.

“மூணாவது வளைவுலயாவது எறங்கித் தள்ளிருக்கலாம்ல” என்றான் கடைசியில்.

போதுமணி துண்டை எடுத்து வந்து அவன் முதுகைத் துடைத்தாள். துடைத்த துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். புகையிலை இல்லை, துரு இல்லை. மஞ்சளும், அடுப்புப் புகையும், தன் பெட்டிச் சேலையில் அடிக்கிற பாச்சை உருண்டையும் கலந்த வாடை. அவள் உடம்பு வாடை. அவள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பல்லுதான் என்று ஊர் சொல்லும், முன்பல்லு அவன் தேய்த்ததுதானே என்று ஒச்சப்பன் கணக்கே போட்டுக் காட்டுவார், அவளுக்கும் அது தெரியும். அந்தப் பல்லை மாற்ற வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான்.

“கால் சரியானதும் நான் ஏறுறேன்,” என்றான் தங்கமாயன். “இப்ப நீயும் ஓட்டிட்டியில்ல. அன்னைக்கு நீ இங்கின உக்காந்து மூச்சு வாங்கு.”

“மாத்தாளா?”

“மாத்தாளுதான்.”

கொல்லைக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. போதுமணி கண்ணைத் துடைத்துவிட்டு, பையில் எடுத்துவைத்திருந்த நல்ல சேலையைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏமாத்த மாட்டீகளே?” என்று கேட்டாள்.